இருபத்தொரு மிளகு, பதினைந்து பேணி

அன்று காலை என் கட்டிலைச் சுற்றி நின்றவர்களை முதலில் சொல்கிறேன்.

பெரிய டொக்டர். கையில் என் இரத்தப் பரிசோதனைத் தாள்.

படிக்கிற டொக்டர் பிள்ளை ஒருத்தி. கண்ணாடி போட்டவள். கையில் பேனை.

என் மனைவி பரமேஸ்வரி.

என் மகள் தர்சினி.

என் அண்ணன். என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

பக்கத்துக் கட்டில்காரர், கரவெட்டி ஆள். அவர் நிற்கவில்லை. படுத்திருந்தார். ஆனால் காது எங்கள் பக்கம்தான்.

கட்டிலுக்குக் கீழே, பையில் சாய்ந்தபடி ஒரு போத்தலும் நின்றது. அதைப் பற்றி எனக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

என் ஊர் இணுவில். மருதனார்மடச் சந்தையில் பழம் விற்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. என்னிடம் காமரங்காய் வாங்கியவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். காமரங்காய் என்பது ஐந்து விளிம்புள்ள மஞ்சள் காய். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல இருக்கும். புளிக்கும்.

கந்தசஷ்டி விரதம் எல்லோருக்கும் தெரியும். ஆறு நாள். சிலர் ஒரு நேரம் பால் பழம் எடுப்பார்கள். நானும் அண்ணனும் மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகும் தண்ணீரும். இரண்டாம் நாள் இரண்டு மிளகு. அப்படியே ஆறாம் நாள் ஆறு. கூட்டினால் இருபத்தொரு மிளகு. ஏழாம் நாள் காலை பாறணை, அதாவது சாப்பிட்டு விரதத்தை முடிப்பது. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். கோயிலில் அண்ணன் இதைப் பெருமையாகச் சொல்லுவார்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து நான்கு வருடம். போன வருடம் ஐந்தாம் நாள் கோயில் வீதியில் விழுந்துவிட்டேன். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். அது மாரிகாலம். வெயிலே இல்லை.

இந்த முறை மனைவி விடவில்லை.

"இஞ்சாருங்கோ, ஒண்டில் பால் பழம் எடுங்கோ. இல்லாட்டி விரதமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"அண்ணை என்ன நினைப்பார்?"

"அண்ணையே உங்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறது?"

அப்போதுதான் தர்சினியின் போனில் ஒரு வீடியோ வந்தது. எங்கள் நாட்டுப் பழங்களில் அன்ரிஒக்ஸிடன்ற் நிறைய இருக்கிறதாம். பொலிபீனோல் என்று இன்னொன்றும் இருக்கிறதாம். எனக்கு விளங்கவில்லை. தர்சினி விளங்கப்படுத்தினாள். இரும்பு கறள் கட்டித் துருப்பிடிப்பது போல உடம்புக்குள்ளும் ஒன்று நடக்குமாம். அதைத் தடுப்பது அன்ரிஒக்ஸிடன்ற். பழத்தின் நிறமும் நாக்கை இழுக்கும் கயர்ப்பும் பொலிபீனோலால் வருவது. நாவல்பழத்தின் ஊதா, மாதுளையின் சிவப்பு, விளாங்காயின் கயர்ப்பு எல்லாம் அதுதான். காமரங்காயிலும் இருக்கிறது. சீனிக்காரருக்கும் நல்லது என்று வீடியோவில் சொன்னார்கள்.

கறள் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது. முப்பது வருடம் சைக்கிளில் பழம் ஏற்றியவன். கறளைத் தெரியும்.

தர்சினி மட்டையில் எழுதி என் கடையில் தொங்கவிட்டாள்: "கறள் தடுக்கும் பழங்கள்." ஆட்கள் நின்று வாசித்தார்கள். வாங்கினார்கள். காமரங்காய்தான் பெரிதாகப் போகவில்லை. புளி என்று ஒதுக்கினார்கள். ஓலைக் கடகம் ஒன்று நிறைய மிஞ்சியது.

மனைவி அதை அடித்துச் சாறு வடித்தாள். ஒரு பேணிக்கு, அதாவது ஒரு தகரக் குவளைக்கு, எட்டுக் காய். "சாறு சாப்பாடு இல்லை. கடிக்கிறதும் இல்லை, விழுங்கிறதும் இல்லை. உது மருந்து" என்றாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். காலை ஒரு பேணி, பின்னேரம் ஒரு பேணி. வெறும் வயிறு. இடையில் தண்ணீரும் குறைவு. அண்ணனுக்குச் சொல்லவில்லை.

ஆறு நாளும் விழவில்லை. சூரன்போர் பார்த்தேன். அண்ணன் என் முதுகில் தட்டி, "இந்த முறை நல்லா நிண்டிட்டாய்" என்றார்.

பாறணைச் சோறு உள்ளே போகவில்லை. குமட்டியது. பின்னேரம் விக்கல் தொடங்கியது. "ஆரோ நினைக்கினம்" என்றாள் மனைவி. அடுத்த நாளும் நிற்கவில்லை. "இவ்வளவு நேரம் நினைக்கிறதுக்கு உங்களிட்டை ஆர் கடன்பட்டது?" என்றாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. முதுகு இரு பக்கமும் இழுத்தது. முகம் ஊதியது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஊர் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். தாளைப் பார்த்துவிட்டு அம்புலன்சைக் கூப்பிட்டார்கள். நடந்து போனவனைப் படுக்க வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கிரியற்றினின் என்று ஒன்று சொல்லுவார்கள். இரத்தத்தில் சேரும் ஒரு கழிவு. சிறுநீரகம் வேலை செய்தால் அது வெளியே போகும். சரியான ஆளுக்கு ஒன்றுக்குக் கிட்ட இருக்கும். எனக்கு ஒன்பது. இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன என்றார் டொக்டர்.

"ஏன் எண்டுதான் பிடிபடேல்லை. என்ன மருந்து எடுத்தனீங்கள் ஐயா? நாட்டு மருந்து ஏதும்?"

"சீனிக் குளிசை மட்டும்."

"கடைசி ஒரு கிழமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"விரதம்."

"பழம், பால், ஏதும் குடிச்சனீங்களோ?"

நான் வாய் திறக்க முன் அண்ணன் சொன்னார்.

"டொக்டர், இவன் என்ரை தம்பி. இருபத்திரண்டு வரியம். மிளகும் தண்ணியும் தவிர ஒண்டும் வாயிலை வையான்."

டொக்டர் என்னைப் பார்த்தார்.

"ஓம். மிளகும் தண்ணியும்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

அங்கே விட்ட பிழை அதுதான். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. சாறு சாப்பாடு இல்லை, மருந்து என்று நினைத்திருந்தேன். அதோடு பக்கத்தில் அண்ணன் நின்றார்.

அடுத்த நாள் கழுத்தில் ஒரு குழாய் போட்டார்கள். டயலைசிஸ். இரத்தம் குழாயால் மெஷினுக்குப் போகும், அங்கே கழிவை வடித்துத் திரும்ப உடம்புக்கு வரும். நான்கு மணித்தியாலம். நோகாது. குளிரும். தர்சினி தன் தோளில் கிடந்த சோலால் என் காலைச் சுற்றினாள். எனக்குப் பக்கத்து மெஷினில் கரவெட்டிக்காரர். அவருக்குக் கிழமைக்கு இரண்டு தரம், மூன்று வருடமாக. இந்த முறை சளிக்காய்ச்சல் என்று மறித்து வைத்திருந்தார்கள்.

"புதுசோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"பயப்பிடாதையும். மெஷின் நல்ல சாமான். ஆனால் ஒருக்காப் பழகினால் விடாது. மாமியார் மாதிரி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம் என்றது மட்டும் காதில் நின்றது. கிழமைக்கு இரண்டு நாள் இங்கே என்றால் சந்தை இல்லை. மூட்டை தூக்க முடியாது. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும்.

என் வேலை ஒன்றே ஒன்று. போகிற சிறுநீரைப் போத்தலில் பிடிப்பது. போத்தல் கட்டிலுக்குக் கீழே நிற்கும். காலையில் கோப்பையில் ஊற்றி அளந்து, கால்மாட்டில் தொங்கும் தாளில் எழுதுவார்கள். சரியான ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேலே போகுமாம். எனக்கு முதல் நாள் தொண்ணூறு மில்லிலீற்றர். இரண்டாம் நாள் அறுபது. மூன்றாம் நாள் நாற்பது. பால் விடாத தேநீர், அதுதான் பிளேன்ரீ, ஒன்றுக்குக் கூடக் காணாது.

குடிப்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். தண்ணீர் இவ்வளவு, கஞ்சி இவ்வளவு என்று தர்சினி ஒழுங்காக எழுதினாள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவளுக்கே அது தெரியாது.

காலைச் சாப்பாடு கொடுக்க விடும் நேரத்தில் மனைவி அண்ணனின் மோட்டார்சைக்கிளில் வருவாள். அவர் கீழே வண்டியை விட்டு ஏறி வர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் பையிலிருந்து போத்தலை எடுத்து ஒரு பேணி வார்ப்பாள்.

"உடம்பு கழிவாலை நிறைஞ்சு போச்செண்டு சொல்லுறாங்கள். இது கழுவும். கெதியாக் குடியுங்கோ."

விடிய நாலு மணிக்கு எழுந்து அடித்திருப்பாள். கையில் புளி மணக்கும். நான் குடித்தேன். மூன்று காலை, மூன்று பேணி.

நான்காம் நாள் காலைதான் நான் தொடக்கத்தில் சொன்னது. டொக்டர் குடும்பத்தாரை நிற்கச் சொல்லியிருந்தார். மனைவி அவசரத்தில் போத்தலைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

டொக்டர் மெதுவாகக் கதைத்தார். எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று. ஸ்கானில் அடைப்பு இல்லை. கிருமி இல்லை. காரணம் தெரியவில்லை. நாளைக்கு முதுகுப் பக்கத்தால் ஊசி விட்டுச் சிறுநீரகத்தில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சம்மதம் வேண்டும். சிறுநீரகம் திரும்பி வராமல் போகவும் கூடும். வராவிட்டால் டயலைசிஸ்தான், காலம் முழுக்க.

அண்ணன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அப்போது அந்த டொக்டர் பிள்ளை குனிந்தாள். சிறுநீர் அளவு பார்க்கத்தான் குனிந்தாள். ஒரு போத்தலோடு நிமிர்ந்தாள். மஞ்சளாக, முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவள் முகம் விளக்குப் போட்டது போல இருந்தது.

"டொக்டர்! முந்நூறுக்கு மேலை இருக்கும்! இது தாளிலை எழுதேல்லை."

டொக்டர் எட்டிப் பார்த்தார். "ஐயா, இவ்வளவும் இரவு போனதோ?"

"முருகா!" என்று அண்ணன் கையெடுத்தார். கண் நிறைந்துவிட்டது. தர்சினி என் காலைப் பிடித்துக்கொண்டாள். கரவெட்டிக்காரர் எழும்பியே இருந்துவிட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளை பேனையைத் திறந்தாள். எழுதப் போகிறாள். முந்நூறு என்று எழுதினால் என் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று ஆகும். செய்யவில்லை என்று எனக்குத் தெரியும்.

"எழுதாதையுங்கோ பிள்ளை" என்றேன். "அது போனதில்லை."

"அப்ப?"

"உள்ளுக்குப் போறது."

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"குடிக்கிறது. காமரங்காய்ச் சாறு."

பிள்ளை போத்தலைக் கையிலிருந்து தள்ளிப் பிடித்தாள். பிறகு மணந்து பார்த்தாள். டொக்டரிடம் கொடுத்தாள். டொக்டரும் மணந்தார். அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்து இருந்தார்.

"எத்தினை காய் அம்மா?"

"பேணிக்கு எட்டு" என்றாள் மனைவி.

"ஒரு நாளைக்கு எத்தினை பேணி?"

"ரெண்டு. விரதம் ஆறு நாளும். இஞ்சை ஒவ்வொண்டு, மூண்டு நாள்."

"பதினைஞ்சு" என்றார் டொக்டர். "வெறும் வயித்திலை."

பிறகு சொன்னார். காமரங்காயில் ஒக்சலேற் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது இரத்தத்தில் கல்சியத்தோடு சேர்ந்து கண்ணாடித் தூள் போலப் பளிங்காகும். அந்தத் தூள் சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் போய் அடைக்கும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் கொஞ்சம் அங்கேயே பிடிபட்டு வெளியே போகும். வெறும் வயிறு, தண்ணீர் குறைவு, சீனி வருத்தம், சாறாகப் பிழிந்தது, எல்லாம் சேர்ந்துவிட்டன. அந்த விக்கலும் இந்தக் காயால்தான்.

"வீடியோவிலை அன்ரிஒக்ஸிடன்ற் எண்டவை, டொக்டர்" என்றாள் தர்சினி. அழுதாள்.

"அது பொய்யில்லை பிள்ளை. இருக்கு. அதே காய்க்குள்ளை மற்றதும் இருக்கு. அவை பாதியைச் சொல்லிப்போட்டு விட்டிட்டினம்."

"டொக்டர், நான் என்ரை கையாலை..." என்றாள் மனைவி. முடிக்கவில்லை.

"அம்மா, இப்பதான் எங்களுக்குக் காரணம் தெரியும். ஊசியைப் பிறகு பாப்பம். இனி ஒரு துளியும் வேண்டாம். மெஷினைக் குடுத்துக்கொண்டு பொறுத்துப் பாப்பம். கனபேருக்குத் திரும்பி வந்திருக்கு."

திரும்பி வரும் என்று அவர் சொல்லவில்லை. கனபேருக்கு வந்திருக்கு என்றுதான் சொன்னார். அதையும் கவனித்தேன்.

அண்ணன் சால்வையைத் தோளில் போட்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"அப்ப நீ விரதம் பிடிக்கேல்லை. ஜூஸ் பிடிச்சனி."

போய்விட்டார். இரண்டு நாள் வரவில்லை. மனைவி பஸ்ஸில் வந்தாள்.

அந்த இரண்டு நாளும் மனைவி கட்டிலில் இருக்கவில்லை. கதிரையைத் தள்ளிப் போட்டு இருந்தாள். கஞ்சி கொண்டுவந்தால் முதலில் நேர்சிடம் காட்டுவாள். "இது குடுக்கலாமோ மிஸ்?" தண்ணீர் வார்க்கவும் கேட்டாள்.

"தண்ணிக்குமோ கேக்கிறீர்?" என்றேன்.

"நான் இனி எல்லாம் கேட்டுத்தான்."

"நீர் வார்த்தனீர். நான்தானே குடிச்சனான். வாயைத் திறந்து சொல்லாததும் நான்."

அவள் கதிரையைக் கிட்ட இழுத்தாள்.

இன்னொரு வேலையும் இருந்தது. மட்டையைக் கழற்றச் சொல்லித் தர்சினியைக் கடைக்கு அனுப்பினேன். சாறு நல்லது என்று நான் வாயால் சொல்லிக் காய் விற்ற ஆட்களை எண்ணினேன். எட்டுப் பேர். தர்சினி போனில் ஒவ்வொருவராகப் பிடித்துத் தந்தாள். ஏழு பேர் ஒரு தரம் குடித்துப் புளி என்று விட்டவர்கள். கடைசி ஆள் ஓய்வெடுத்த ரீச்சர். அவவுக்கும் சீனி வருத்தம். போனை அவ எடுக்கும்வரை மணி அடிப்பதை எண்ணினேன்.

"ரீச்சர், அந்தச் சாறு குடிச்சனீங்களோ?"

"ஐயோ தம்பி, கோவிக்காதையும். வாய்க்குள்ளை வைக்கேலாது. நான் அதைப் போட்டுக் குத்துவிளக்கு மினுக்கினனான். கறள் எல்லாம் போயிட்டுது."

"நல்லது ரீச்சர். அதுக்கே வைச்சிருங்கோ."

மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். வெறுங்கையோடு. கதிரையில் இருந்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"தம்பி."

"ஓம் அண்ணை."

"நான் நாலாம் நாள் பிளேன்ரீ குடிக்கிறனான்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எப்ப துடக்கம்?"

"மூண்டு வரியம். தலை சுத்துது. உன்ரை அண்ணிக்குத்தான் தெரியும்."

"சீனி போட்டோ?"

"சீனி போடாமல் ஆர் குடிக்கிறது?"

சிரிப்பு வந்தது. கழுத்துக் குழாய் இழுத்து நொந்தது. ஆனாலும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் வாய் கோணியது.

"நான் உன்னைப் பற்றிப் பெருமை கதைச்சிராட்டில், நீ அண்டைக்கே சொல்லியிருப்பாய்."

"விடுங்கோ அண்ணை."

பக்கத்துக் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"நான் மூண்டாம் நாளே றொட்டி திண்டனான். முருகன் ஒண்டும் கேக்கேல்லை. பெண்சாதிதான் கேட்டவ."

அண்ணன் அப்போதுதான் சிரித்தார்.

பிறகு எல்லாம் காத்திருப்பு. மெஷினில் மொத்தம் ஐந்து தரம் படுத்தேன். காலையில் அளக்கும் நேரம் வந்தால் வார்ட்டில் மற்றவர்களும் கழுத்தை நீட்டுவார்கள். நாற்பது. நாற்பத்தைந்து. எழுபது. மறுபடி அறுபது. அன்று மனைவி சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் இருநூற்றுப் பத்து. அந்த டொக்டர் பிள்ளை கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து, "இது சாறில்லைத்தானே ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினாள். பன்னிரண்டாம் நாள் எண்ணூறு. பிறகு மடை திறந்தது போல இரண்டு நாள் மூன்று லீற்றருக்கு மேலே போனது. அதுவும் நல்ல குறி, அடைபட்ட குழாய் திறக்கிறது என்றார் டொக்டர். கிரியற்றினின் ஆறு, நாலு, மூன்று என்று இறங்கியது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள்.

பதினேழாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டித் தந்தார்கள். கரவெட்டிக்காரரிடம் சொல்லப் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவருக்கு மெஷின் நிற்காது.

"போயிட்டு வாறன் எண்டு சொல்லாதையும்" என்றார். "போறன் எண்டு சொல்லும். இஞ்சை வாற இடமில்லை."

"போறன் அண்ணை."

"நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்தால் ஒண்டு குடுத்துவிடும். எனக்குத் தரமாட்டாங்கள். மணந்து பாக்க."

கொடுத்துவிடுவேன். இன்னும் பருவம் வரவில்லை.

இப்போது சந்தைக்குப் போகிறேன். அரை நாள்தான். பழம் நல்லதோ என்று ஆட்கள் கேட்கிறார்கள். நல்லது என்கிறேன். நாவல், மாதுளை, கொய்யா, மாம்பழம் எல்லாம் நல்லது. பழமாக, அளவாக, சாப்பாட்டுக்குப் பிறகு. சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டு வாங்கட்டும். காமரங்காய் கேட்டால், விளக்கு மினுக்கவோ என்று கேட்கிறேன். டொக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், குடித்ததையும் சொல்லுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லுங்கள்.

போன கிழமை கிளினிக்கில் கிரியற்றினின் ஒன்று தசம் மூன்று. இன்னும் ஒரு மாதம் வீட்டில் சிறுநீரை அளந்து எழுதச் சொன்னார்கள். மனைவி அதற்கென்று அளவுக்கோப்பை ஒன்று வாங்கி, அது தவறிச் சமையல் குசினிக்குள் போகாமல் இருக்கச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள். அண்ணன் தினமும் காலையில் வாசற் படலையில் மோட்டார்சைக்கிளை நிறுத்துவார். இறங்க மாட்டார். ரோட்டில் ஆட்கள் போனாலும் அவருக்குக் கவலையில்லை.

"எவ்வளவு?" என்று கத்துவார்.

இன்று காலை நான்தான் அளந்தேன். இரண்டு தரம் பார்த்தேன்.

ஆயிரத்து எழுநூற்று நாற்பது.